பழைய பாட்டு மெய்டன், புதுப் பாட்டு மெய்டன்

மச்சான் லண்டனில் இருந்து ஒரு மாத லீவில் வந்திருக்கிறான். அத்தை பையன், என்னைவிட ஒரு வயது சின்னவன், அங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை. வந்த மூன்றாம் நாள் ராத்திரி சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஒன்பது மணிக்கு ஆரம்பித்த பேச்சு, கீழே இருந்து அம்மா இரண்டு முறை குரல் கொடுத்தும் நிற்காமல் ஒன்றரை மணி வரைக்கும் போனது. வீடு, நிலம், யார் கல்யாணம் என்று எதுவும் இல்லை, பேச்சு முழுக்க இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் பேண்ட் அயர்ன் மெய்டன்.

அவன் அவர்களை சமீபத்தில் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறான். 2023 ஜூலையில் லண்டன் ஓ2 அரங்கில் ஒரு தடவை, 2025 ஜூன் 28 அன்று லண்டன் ஸ்டேடியத்தில் ஒரு தடவை. நான் கடைசியாகப் பார்த்தது 2009இல், பெங்களூரில். நியாயமாகப் பார்த்தால் அவன் சொல்லி நான் கேட்டுக்கொள்ள வேண்டும். "ரெண்டுல எதுடா பெருசு?" என்று கேட்டேன். "இதுல என்ன சந்தேகம், 2025 தான்" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்கப் பேசியும் ஒத்துக்கொள்ளவில்லை.

மெய்டன் ரொம்ப வருடமாகவே இரண்டு விதமான டூர் போகிறவர்கள். புது ஆல்பம் வந்தால் அதில் இருந்து நிறையப் பாட்டு வாசிக்கிற டூர் ஒன்று, பழைய காலத்துப் பாட்டுகளை எடுத்து வாசிக்கிற டூர் இன்னொன்று. 2023-24இல் போன 'தி ஃபியூச்சர் பாஸ்ட்' டூரில் மொத்தம் 15 பாட்டு. அதில் ஐந்து 2021இல் வந்த 'சென்ஜுட்சு' ஆல்பம், ஐந்து 1986இல் வந்த 'சம்வேர் இன் டைம்' ஆல்பம், மீதி ஐந்துதான் மற்ற ஆல்பங்களில் இருந்து. 'ரன் டு தி ஹில்ஸ்' கிடையாது, 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' கிடையாது, 'ஹாலோட் பீ தை நேம்' கூடக் கிடையாது. யோசித்துப் பாருங்கள், இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஒரு மெய்டன் கச்சேரி! 2025இல் ஆரம்பித்த 'ரன் ஃபார் யுவர் லைவ்ஸ்' டூர் இதற்கு நேர் எதிர். 1975 கிறிஸ்துமஸ் அன்று பேஸ் கிட்டார் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிஸ் ஆரம்பித்த பேண்டுக்கு ஐம்பது வருடம் ஆகிறது என்பதற்கான டூர் அது. 1980 முதல் 1992 வரை வந்த முதல் ஒன்பது ஆல்பங்களில் இருந்து மட்டும்தான் பாட்டு, விட்டுப்போன அந்த மூன்றும் இதில் உண்டு. மெய்டனின் ஸ்டுடியோ ஆல்பங்கள் மொத்தம் 17. அப்படியென்றால் எட்டு ஆல்பங்களுக்கு அந்த மேடையில் இடமே இல்லை.

என் வழக்கு அந்த எட்டு ஆல்பங்களுக்காகத்தான்.

எனக்கு இவர்கள் அறிமுகமானது 1996இல். தோட்டப்பாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். மாடி போர்ஷனில் சிஎம்சியில் பயிற்சிக்கு வந்திருந்த ஷில்லாங் அண்ணன் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அறையில் இருந்து வந்த சத்தத்தைக் கேட்டுத்தான் நான் படியேறினேன். வேலூரில் அந்த வயதில் எனக்குத் தெரிந்த கிட்டார் சினிமாப் பாட்டில் வருகிற கிட்டார்தான். அவர் எதுவும் விளக்கவில்லை, தம்பி உட்கார் என்று ஸ்டூலைக் காட்டினார், அவ்வளவுதான். ஊருக்குப் போகும்போது 'லைவ் ஆஃப்டர் டெத்' ஆல்பத்தை ஒரு டிடிகே 90 கேசட்டில் பதிந்து கொடுத்துவிட்டுப் போனார். 1985இல் வந்த நேரலைப் பதிவு, பெரும்பகுதி கலிஃபோர்னியாவில் லாங் பீச் அரங்கில் பதிந்தது. முழு ஆல்பம் 100 நிமிடத்துக்கு மேல், கேசட்டோ பக்கத்துக்கு 45 நிமிடம். 'பவர்ஸ்லேவ்' பாட்டின் கடைசிப் பகுதி வரும்போது முதல் பக்கம் தீர்ந்து டேப் டக்கென்று நின்றுவிடும். அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்பது எனக்கு மூன்று நான்கு வருடம் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் காதுக்கு மெய்டன் முதலில் கச்சேரியாகத்தான் வந்தார்கள். ஸ்டுடியோவில் பதிந்த 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தைக் கேட்டது அப்புறம்தான், கேட்டபோது அது எனக்கு மெதுவாகத் தெரிந்தது, கூட்டத்தின் சத்தம் இல்லாமல் வெறிச்சென்று இருந்தது. அன்றில் இருந்து ஒரு ஆல்பம் வந்தால், இது மேடையில் எப்படி இருக்கும் என்றுதான் என் மனசு போகும். மச்சான் அப்படி இல்லை, அவன் ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டு, கவரில் இருக்கிற, பேண்டின் சின்னமான எட்டி என்கிற உருவத்தின் படத்தை மணிக்கணக்காகப் பார்த்து வளர்ந்தவன். அவனுக்கு ஆல்பம்தான் மூலம், கச்சேரி அதைத் திரும்பக் காட்டுவது. எங்கள் சண்டைக்கு வேர் இதுவாகத்தான் இருக்கும்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. காட்பாடி ஜங்ஷனில் இருவரும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். சென்னையில் இருந்தே கறுப்பு டி-ஷர்ட் போட்ட பையன்கள் வந்திருந்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று வெயில் ஏற ஏற, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து பாட்டுப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். எதை வாசிப்பார்கள், எதை விடுவார்கள் என்று குப்பம் தாண்டும் வரை பந்தயம். அப்போது நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன், டிக்கெட்டுக்காக மூன்று மாதம் ஓவர்டைம் பார்த்திருந்தேன். பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் முதலில் டெல்லியில் இருந்து வந்த பரிக்ரமா வாசித்தார்கள், ராக் பேண்டில் வயலின் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன், அருமையாக வாசித்தார்.

அப்புறம் மெய்டன். முதல் பாட்டே புது ஆல்பம். அதற்கு முந்தின வருடம் வந்திருந்த 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பத்தின் 'டிஃபரென்ட் வேர்ல்ட்'. அந்த ஆல்பத்தை 2006 டூரில் முதல் பாட்டில் இருந்து கடைசிப் பாட்டு வரை முழுசாக, வரிசை மாறாமல் வாசித்தவர்கள் அவர்கள். முப்பது வருடம் ஆன ஒரு பேண்ட், ஹிட் பாட்டுகளை ஓரம் வைத்துவிட்டு, எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிற புது ஆல்பத்தை அப்படியே ஜனங்களுக்கு முன்னால் வைக்கிறது. எங்கள் ஊருக்கு, சரி, பெங்களூருக்கு வந்தபோது அதைக் குறைத்து ஐந்து பாட்டு வைத்திருந்தார்கள். நான் பிரவுசிங் சென்டரில் எம்பி3 சிடி போட்டு வாங்கி இரண்டு மாதமாகக் கேட்டிருந்தேன், எனக்கு அது அவ்வளவாக ஏறவில்லை. பாட்டெல்லாம் நீளம், ஒலி கொஞ்சம் முரடு. மாஸ்டரிங் என்ற கடைசி மெருகைப் போடாமலே அந்த ஆல்பத்தை வெளியிட்டார்கள் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்தது, வாசித்தது வாசித்தபடி இருக்கட்டும் என்று ஹாரிஸ் நினைத்திருக்கிறார்.

'ஃபார் தி கிரேட்டர் குட் ஆஃப் காட்' அன்றைக்கு மேடையில் ஆரம்பித்தபோது எனக்கு முன்னால் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டு தெரியாது. மெதுவாகத்தான் ஆரம்பிக்கிறது. புரூஸ் டிக்கின்சன் மேடை ஓரத்துக்கு வந்து, ஒரு கால் மானிட்டர் ஸ்பீக்கர் மேல் வைத்து, ஒரு கதையைச் சொல்கிற மாதிரி பாடுகிறார். மதத்தின் பேரில் நடக்கிற போரைப் பற்றிய பாட்டு அது. மூன்றாவது முறை பல்லவி வரும்போது, தெரியாத அந்தப் பாதிக் கூட்டமும் பாடிக்கொண்டிருந்தது. ஒன்பது நிமிடப் பாட்டை முதல் தடவை கேட்கிற கூட்டத்துக்கு, அந்தப் பாட்டு முடிவதற்குள் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ராத்திரி பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரைக்கும் நான் பேசவில்லை, மச்சானும் பேசவில்லை. விடியற்காலை வீட்டுக்கு வந்ததும் அந்த எம்பி3 சிடியைத்தான் திரும்பப் போட்டேன். ஆல்பம் மாறிவிட்டிருந்தது. அதே பதிவு, அதே முரட்டு ஒலி, ஆனால் இப்போது ஒவ்வொரு இடத்திலும் எங்கே கை தூக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

2009 பிப்ரவரி 15 வேறு மாதிரி. அதே பேலஸ் கிரவுண்ட்ஸ், இந்த முறை எண்பதுகளின் பாட்டு டூர். சர்ச்சிலின் பேச்சு ஒலித்து 'ஏசஸ் ஹை' ஆரம்பித்தது, என் கேசட்டின் முதல் பாட்டு. 'பவர்ஸ்லேவ்' வந்தது, டேப் தீர்ந்து நின்ற அந்த இடத்தையும் தாண்டிப் போய் என் கண் முன்னால் முழுசாக முடிந்தது. நான் அழுதேன். 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்' பதிமூன்று நிமிடமும் வாசித்தார்கள். மச்சான் இன்றைக்கும் தன் வாழ்க்கையில் சிறந்த ராத்திரி அதுதான் என்கிறான். எனக்கும் அது பெரிய ராத்திரிதான், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து எந்த ஆல்பத்தையும் திரும்ப எடுத்துப் போட வேண்டும் என்று தோன்றவில்லை. தெரிந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, நிறைவாக வந்து தூங்கிவிட்டேன். 2007 எனக்கு ஒரு ஆல்பத்தைக் கையில் கொடுத்து அனுப்பியது.

இங்கே நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம், பழைய வட ஆற்காடு மாவட்டம். தெருக்கூத்து என்றால் உயிர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிற நாட்களில் ராத்திரி முழுக்கக் கண் விழிப்பார், மூன்று ஊர் தள்ளி இருந்தாலும் சைக்கிளில் போய்விடுவார். எந்த ஜமா, அதாவது எந்தக் கூத்துக் குழு, என்ன கூத்து ஆடினார்கள், முகவீணை யார் கையில் இருந்தது, எந்த வருடம் கர்ணன் வேஷம் கட்டியவர் எப்படி ஆடினார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 'கர்ண மோட்சம்' அத்தனை பேருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் போன வருடம் பொன்னுருவி அழுதது நன்றாக இருந்ததா, இந்த வருடமா என்று திண்ணையில் உட்கார்ந்து நாள் கணக்காகப் பேசுவார்கள். ராத்திரி முழுக்க உட்காராமல், விடியற்காலை கர்ணன் சாகிற நேரத்துக்கு மட்டும் வந்து நின்று பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களை நைனாவுக்குப் பிடிக்காது. "சாயந்தரம் வேஷம் கட்டும்போது வந்து உக்காந்தவனுக்குத்தான்டா அந்தச் சாவு வலிக்கும்" என்பார். எனக்கு மெய்டன் விஷயத்தில் அதே கட்சிதான். 'சென்ஜுட்சு'வின் நீளமான பாட்டுகளில் உட்கார்ந்து வந்தவனுக்கு 'ஃபியர் ஆஃப் தி டார்க்' வேறு மாதிரி கேட்கும்.

சரி, லண்டனுக்கு வருகிறேன்.

2023 ஜூலையில் ஓ2 முடிந்த மறுநாள் மச்சான் எனக்கு போன் செய்தான். குரலில் பாதி சந்தோஷம், பாதிக் குறை. 'அலெக்சாண்டர் தி கிரேட்' வாசித்தார்கள் என்று சொல்லும்போது அவனுக்கு வார்த்தையே வரவில்லை. அந்தப் பாட்டு 1986இல் வந்தது, அந்த டூர் 2023 மே மாதம் ஸ்லோவேனியாவில் தொடங்கும் வரைக்கும், அதாவது 37 வருடம், ஒரு மேடையிலும் வாசிக்கப்படாதது. உலகம் முழுக்க ரசிகர்கள் எப்போது எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்த பாட்டு. அதற்கு மேல், 'சம்வேர் இன் டைம்' வெளியான காலத்து டூரில் இருந்து ஒரு முழு நேரலை ஆல்பம் அதிகாரபூர்வமாக வந்ததே இல்லை, எனவே என்னை மாதிரி பின்னால் வந்தவர்களுக்கு அந்த ஆல்பம் ஸ்டுடியோவோடு நின்றுபோன ஆல்பம். கிட்டார் சிந்தசைசர் போட்டு, எதிர்கால நகரம் ஒன்றை கவரில் வரைந்து, அத்தனை அழகாகச் செய்த ஆல்பத்துக்கு மேடை வாழ்க்கை மட்டும் குறைவு. 2023இல்தான் அது நிஜமாக எழுந்து நின்றது. என் வழக்கில் இது முக்கியமான சாட்சி.

குறை என்ன என்றால், டிரம்ஸ். "ஸ்லோவா இருக்குடா, 'ட்ரூப்பர்' எல்லாம் குதிரை மாதிரி ஓடணும், நடந்து போவுது" என்றான். நானும் யூடியூபில் ரசிகர்கள் போட்ட பதிவுகளைக் கேட்டேன், உண்மைதான், வேகம் குறைந்திருந்தது. சில இடங்களில் வழக்கமாக வருகிற உருட்டல் வரவில்லை. வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டோம், டிரம்மர் நிக்கோ மெக்பிரெயினுக்கு அப்போது 71.

அடுத்த மாதம், ஆகஸ்டில், நிக்கோவே செய்தி வெளியிட்டார். அந்த வருடம் ஜனவரியில் அவருக்கு பக்கவாதம் வந்திருக்கிறது. வலது பக்கம் செயலிழந்து போயிருக்கிறது. நான்கு மாதத்தில் பயிற்சி செய்து, டூரின் முதல் நாளில் இருந்து மேடையில் உட்கார்ந்திருக்கிறார். வேகமான சில ஃபில்களை, அதாவது இடையில் வருகிற உருட்டல்களை, மாற்றிக்கொண்டதாகவும் அவரே சொன்னார். கச்சேரிக்கு வந்தவர்கள் யாருக்கும் இது தெரியாது, யாரிடமும் சொல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

மச்சான் பக்கவாத வார்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். அன்றைக்கு அவனிடம் இருந்து வந்த போன் எனக்கு மறக்காது. வலது கை போன ஒருவருக்கு நான்கு மாதத்தில் என்ன திரும்ப வரும் என்று அவனுக்குத் தெரியும். கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற வேலை அவனுடையது. "டம்ளரைத் தூக்கி வாய்கிட்ட கொண்டு போனா நாங்க கை தட்டுவோம்டா. இந்த ஆளு 'ஹெல் ஆன் எர்த்' வாசிச்சிருக்காரு, பதினோரு நிமிஷம்" என்றான். அதற்கப்புறம் ரொம்ப நேரம் இரண்டு பக்கமும் அமைதி. அவர் காலத்தில் பல மெட்டல் டிரம்மர்களும் பெரிய டிரம்மை இரண்டு காலாலும் அடிக்கிற இரட்டைப் பெடலுக்குப் போனபோது, பெரும்பாலும் ஒற்றைப் பெடலில், வலது காலாலேயே அத்தனை வேகத்தையும் எடுத்தவர் நிக்கோ. அந்த வலது பக்கம்தான் போனது.

அதனால் 2023ஐ 2025ஓடு ஒப்பிடும்போது வேகத்தை வைத்து மார்க் போட என்னால் முடியாது. மச்சான் போடுகிறான், அவன் போடலாம், அவன் நேரில் கேட்டவன். 2024 டிசம்பரில் சாவோ பாலோவில் நிக்கோ டூரில் இருந்து விடைபெற்றார். 2025இல் வந்தவர் சைமன் டாசன், ஹாரிஸின் இன்னொரு பேண்டான பிரிட்டிஷ் லயனில் வாசித்தவர். வேகம் திரும்பி வந்துவிட்டது. லண்டன் ஸ்டேடியம் என்பது வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் மைதானம், ஹாரிஸ் சின்ன வயதில் இருந்தே அந்த அணியின் தீவிர ரசிகர், அவர் வளர்ந்த கிழக்கு லண்டன் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நின்று அவர் வாசித்தபோது அவருடைய முகத்தைப் பெரிய திரையில் பார்த்ததை மச்சான் மூன்று தடவை சொன்னான்.

2025இல் எனக்கும் மனசைத் தொட்ட ஒரு விஷயம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. கச்சேரியின் முதல் நான்கு பாட்டும் பால் டியானோ பாடிய முதல் இரண்டு ஆல்பங்களில் இருந்து. 'மர்டர்ஸ் இன் தி ரூ மோர்க்', 'ராத்சைல்ட்', 'கில்லர்ஸ்', 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா'. டியானோ 2024 அக்டோபரில் இறந்துபோனார். அடுத்த வருடமே அவர் பாடிய பாட்டுகளோடு கச்சேரியைத் திறந்தது சரியான மரியாதை. அந்தக் காலத்து மெய்டன் தெருவில் சண்டை போடுகிற பையன்கள் மாதிரி இருந்தவர்கள், டிக்கின்சன் வந்த பிறகுதான் போரும் காவியமும் புராணமும் பெரிதாக வந்தன. அந்த நான்கையும் டிக்கின்சன் 66 வயதில் அவ்வளவு ஆவேசமாகப் பாடுகிறார். நாக்கில் புற்றுநோய் வந்து, 2015இல் சிகிச்சை எடுத்துக் குணமானவர் இவர்.

பின்னணித் திரை விஷயத்திலும் மச்சான் 2025 பக்கம். வரைந்த துணித் திரைகள்தான் மெய்டனின் அடையாளம். 2025இல் பெரிய எல்இடி திரையில் ஒவ்வொரு பாட்டுக்கும் படம் ஓடுகிறது. அவனுக்குப் பிடித்திருக்கிறது. எனக்குத் துணித் திரைதான் வேண்டும், பாட்டு முடிந்ததும் துணி மாறுவதற்காகக் காத்திருக்கிற அந்த இரண்டு நொடி வேண்டும். ஆனால் போனைப் பையில் வையுங்கள் என்று டூருக்கு முன்னால் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள் பாருங்கள், அதற்கு என் முழு ஓட்டு.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது அக்கா பையன் மாடிக்கு வந்தான். காட்பாடியில் என்ஜினியரிங் இரண்டாம் வருடம். என்னை மாமா என்பான், மச்சானைச் சித்தப்பா என்பான். இவனுக்கு மெய்டனைச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை. பள்ளிக்கூடம் படிக்கும்போது எட்டியை வைத்து வந்த மொபைல் கேமை விளையாடி, அதில் வருகிற பாட்டைத் தேடிப் போனவன். நாங்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மாமா, எனக்கு 'சென்ஜுட்சு'தான் பிடிக்கும்" என்றான்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். ரசிகர்கள் நடுவில் அந்த ஆல்பத்துக்கு அப்படி ஒரு பேர் கிடையாது. 82 நிமிடம், இரண்டு தட்டு. கடைசி மூன்று பாட்டும் ஹாரிஸ் தனியாக எழுதியது, மூன்றும் பத்து நிமிடத்துக்கு மேல். ஆரம்பம் இழுக்கும், ஒரே மெட்டைப் பாட்டிலும் கிட்டாரிலும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், மூன்று கிட்டார் இருந்தும் சில இடத்தில் ஒலி மூட்டமாக இருக்கும். மச்சான் அந்த ஆல்பத்தை முழுசாக இரண்டு தடவைக்கு மேல் கேட்டதில்லை. நான் முதலில் கேட்டபோது 'தி ரைட்டிங் ஆன் தி வால்' தவிர மற்றது ஒட்டவில்லை, 2023 கச்சேரிப் பதிவுகளைக் கேட்ட பிறகுதான் உள்ளே போனேன். 'ஹெல் ஆன் எர்த்' ஆல்பத்தில் நல்ல பாட்டு, கச்சேரியில் அது மலை. கடைசிச் சுற்றுக்குத் திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் வாசித்தார்கள், மச்சான் அதில் நாற்பது நொடி எடுத்து எனக்கு அனுப்பினான். மேடையில் நெருப்பு எழும்புகிறது, அத்தனை ஆயிரம் பேர் அந்த கிட்டார் மெட்டை வாயால் பாடுகிறார்கள். இரண்டே வருடம் ஆன பாட்டு! 'ரன் டு தி ஹில்ஸ்' மூன்று தடவை கேட்பதற்குப் பதில் அந்த ஒன்றை ஒரு தடவை கேட்கக் கொடுங்கள், எனக்குப் போதும்.

பையன் விஷயத்தில் அப்படி எந்தச் சுற்றுவழியும் இல்லை. அவன் கச்சேரிப் பதிவே அதிகம் கேட்டதில்லை. 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' கேட்டிருக்கிறான், நல்லா இருக்கு என்கிறான், அது அவன் பிறப்பதற்கு இருபத்துச் சொச்சம் வருடம் முந்தின சங்கதி. 'சென்ஜுட்சு' வந்தபோது அவன் பத்தாம் வகுப்பு, ஊரடங்கு முடிந்தும் முடியாமலும் இருந்த காலம், வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். "உங்களுக்கு அந்த கேசட் மாதிரி எனக்கு இது" என்றான். மச்சான் அவனிடம், "அதுல எந்தப் பாட்டுடா மேடையில கேக்கணும்?" என்று கேட்டான். "'தி பார்ச்மென்ட்'. அதை இன்னும் வாசிக்கவே இல்ல சித்தப்பா." உண்மை, 'ஃபியூச்சர் பாஸ்ட்' டூரில் வாசித்த ஐந்தில் அது கிடையாது. 'ரன் ஃபார் யுவர் லைவ்ஸ்' டூரில் அதற்கு வழியே இல்லை.

மச்சானுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 'அலெக்சாண்டர்' வருகிறதா என்று வருடக்கணக்காக ஏங்கியவன் அவன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனாலும் 2025 தான்டா பெருசு" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். இல்லை என்றேன். அம்மா மூன்றாவது முறை குரல் கொடுத்தார்.

மறுநாள் சாயந்தரம் பையனை ஹாஸ்டலில் விடக் காரில் போனோம். மச்சான் முன் சீட்டில். கிரீன் சர்க்கிள் தாண்டியதும் பையன் பின்னால் இருந்து போனை இணைத்து 'தி பார்ச்மென்ட்' போட்டான். பன்னிரண்டரை நிமிடம். மெதுவாக, ஏதோ பாலைவனத்தில் ஊர்வலம் போகிற மாதிரி ஒரு ரிஃப், அதன் மேல் ஒவ்வொரு கிட்டாராக வந்து பேசிவிட்டுப் போகிறது. நெரிசலில் வண்டி ஊர்ந்தது, யாரும் பேசவில்லை. பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது பாட்டு கடைசிப் பகுதிக்கு வந்து வேகமெடுத்தது. மச்சான் ஒலியைக் கூட்டினான். வலது கை அவனை அறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கீழே ஆறு முழுக்க மணல்.

"இது எப்ப பதிஞ்சது?" என்று கேட்டான்.

"2019, பாரிஸ்ல" என்றான் பையன்.

"அப்போ நிக்கோவுக்குக் கை நல்லா இருந்தப்ப" என்றான் மச்சான். பாட்டு முடியும் வரைக்கும் அந்தச் சிம்பல் சத்தத்தை மட்டும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். காட்பாடி மேம்பாலத்துக்கு இன்னும் ஒரு சிக்னல் இருந்தது, முதலில் இருந்து போடச் சொன்னான்.